கம்பளத்தின் மேல் ஒரு தராசு

நிறுவைக் கருவி எதுவாயினும் அது உறுதியான, மட்டமான, அசையாத தரையில் வைக்கப்பட்ட பின்னரே பயன்படுத்தப்படல் வேண்டும். வெங்காயத்துக்கும் இதே விதிதான், பொன்னுக்கும் இதே விதிதான். அளவை நிறுவைப் பரிசோதகராகச் சம்பளம் வாங்கிய காலம் முழுவதும் இந்த வசனத்தைச் சந்தை சந்தையாகச் சொல்லித் திரிந்தேன். வியாபாரிகள் தலையாட்டினார்கள். நான் போனதும் தராசைத் திரும்பவும் சாக்கின் மேல் வைத்தார்கள். அதே வசனத்தை ஓய்வு பெற்ற பிறகு மெல்பேர்ணில், ஒரு ஹோட்டல் மண்டபத்தில், துவாயைச் சுற்றிக்கொண்டு நின்ற ஒரு சம்பியனுக்காகச் சொல்ல நேரும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இருக்கவில்லை.

நான் அவுஸ்திரேலியாவுக்குப் போனது மகள் வதனியைப் பார்க்க. பார்வையாளர் விசாவில் வேலை செய்யக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். ஆலோசனை சொல்வது வேலையில் சேருமா என்பது பற்றி அதில் ஒன்றுமில்லை. விதி தெளிவில்லாத இடத்தில் அதிகாரி தன் விளக்கத்தைப் பயன்படுத்தலாம் என்பது எங்கள் திணைக்கள வழக்கம். நானும் பயன்படுத்தினேன்.

வதனியின் வீடு சிட்னியில், கிரவீனில். இறங்கிய மறுநாள் விடியற்காலை எழுந்து குசினி யன்னலால் பார்த்தேன். என்ன நேரம் என்பது எனக்குத் தெரிந்தது. என் உடம்புக்குத் தெரியவில்லை. பின்வளவு முழுக்கப் பனிப்புகார். நடுவில் உடுப்புக் காயப்போடும் இரும்புக் குடை ஒன்று இலையுதிர்ந்த மரம் போல நின்றது. அதைச் சுற்றி, வெள்ளி நிறத்தில் மினுங்கும் உடை அணிந்த ஒரு உருவம் மெல்ல ஓடியது. காலடிச் சத்தம் இல்லை. கோயில் வீதி சுற்றுகிற மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் இன்னும் விமானத்தில்தான் இருக்கிறேன், சாப்பாட்டுத் தட்டை எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"அது நிஷி, அப்பா," என்றாள் வதனி பின்னால் நின்று. "பின்பக்க வீட்டில வாடகைக்கு இருக்கிறார். யப்பான்காரர். சம்பியன்."

"என்னத்தில சம்பியன்?"

"அடிபாட்டில."

மருமகன் ரமணன் காலைச் சாப்பாட்டின்போது விளக்கினார். ரமணன் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்; நிஷியின் முழங்காலைக் கவனிப்பவர். குத்துச்சண்டை, மல்யுத்தம், யூடோ எல்லாவற்றையும் கலந்து கம்பிக் கூண்டுக்குள் நின்று செய்கிற விளையாட்டு அது. நிஷி அதில் இலகு எடைப் பிரிவின் சம்பியன். முப்பத்தெட்டு வயது. மெல்பேர்ணில் அடுத்த சனிக்கிழமை நடக்கப்போவதுதான் கடைசிச் சண்டை. அதில் வென்று, பட்டத்தோடு வீட்டுக்குப் போய் இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

"இலகு எண்டால் எவ்வளவு?" என்று கேட்டேன். பழக்க தோஷம்.

"எழுபது கிலோ முந்நூறு கிராம், மாமா. சண்டைக்கு முதல்நாள் காலமை தராசில ஏற வேணும். சும்மாச் சண்டை எண்டால் ஒரு இறாத்தல் விட்டுக்குடுப்பாங்கள். பட்டத்துக்கான சண்டையில ஒரு கிராமும் இல்லை. கூடினால் பட்டம் அந்த இடத்திலயே போச்சு. பிறகு வெண்டாலும் திரும்பி வராது."

அந்த விளையாட்டின் மேல் எனக்கு மதிப்பு வந்தது அங்கேதான். உலகத்தில் எங்கோ ஓரிடத்தில் தராசுக்குப் பயப்படுகிறார்கள்.

நிஷியின் முழுப்பெயர் நீளமானது. அதை நான் சரியாகச் சொன்ன ஒரே தடவை அவர் எழுந்து நின்று தலை வணங்கினார். மற்றபடி வீட்டில் எல்லோருக்கும் நிஷிதான். ரமணனைப் பார்த்து அவரும் என்னை 'மாமா' என்றார். மரியாதைக்குத் தன் ஊர் 'சான்' ஒன்றைப் பின்னால் சேர்த்துக்கொண்டார். சேர்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் சிரித்தார். யப்பானில் 'மாமா சான்' என்றால் மதுச்சாலை நடத்தும் அம்மணி என்பதை வதனி சொல்லித்தான் அறிந்தேன். முறைப்பாடு செய்யக் காலம் கடந்திருந்தது.

சண்டைக்கு முந்திய சனிக்கிழமை அவர் பயிற்சி செய்வதைப் பார்க்க பிளாக்டவுனுக்குப் போனேன். ரயிலில் போகலாம் என்று கிளம்பினால், பாதை திருத்துவதாகச் சொல்லி எல்லோரையும் இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் சாரதிக்கு ரயில் நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்பது பற்றிப் பொதுவான ஓர் அபிப்பிராயமே இருந்தது. பின் இருக்கையில் ஒரு பெண் தொலைபேசியில், "நான் இப்ப எங்கே நிக்கிறேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் வெயில் நல்லாயிருக்கு," என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் பஸ்ஸில் இதே நிலைமைக்கு நான்கு பேர் சாரதியின் பரம்பரையை விசாரித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கும்போது நன்றி சொன்னார்கள்.

பயிற்சிக்கூடத்தில் நிஷி தன்னைவிட இரு மடங்கு பெரிய ஒருவரின் முதுகில் ஏறிக் கழுத்தைச் சுற்றிக் கைகளைப் பூட்டியிருந்தார். அடிபாடு என்று கேள்விப்பட்டுப் போனவனுக்கு அது தாலாட்டு மாதிரித் தெரிந்தது. அடியில் கிடந்த பெரிய ஆள், தோற்றேன் என்பதற்கு அடையாளமாக இரண்டு தரம் தட்டினார். நிஷி உடனே விட்டுவிட்டு, அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

பின்னேரம் வளவில் வெயில் காய்ந்தபடி அவருடைய சண்டைகளைப் பற்றிக் கேட்டேன். யாரை, எந்தச் சுற்றில் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சாப்பாட்டைச் சொன்னார். தராசிலிருந்து இறங்கியதும் வாயில் வைத்த முதல் உணவைக்கொண்டுதான் தன் சண்டைகளை அவர் நினைவு வைத்திருந்தார்.

"ஒசாக்கா. முதல் சண்டை. கடையில் வாங்கிய சோற்று உருண்டை, நடுவில் உப்பு ஊறிய பழம். தோற்றேன்," என்றார், சின்னச் சின்ன ஆங்கில வசனங்களில். "நகோயா. வாழைப்பழம். வென்றேன். மணிலா. மாம்பழம். அங்கேதான் முழங்கால் போனது. ஆனாலும் வென்றேன். சிங்கப்பூர். கோழிச் சோறு."

"சிங்கப்பூரில் என்ன?"

"பட்டம். ஆனால் சோற்றை முடிக்கவில்லை. பயத்தில் வயிறு மூடிக்கொண்டது. மீதிச் சோற்றை இப்போதும் நினைப்பேன்."

சண்டைக்கு வருமுன் ஒரு பல்பொருள் அங்காடியில் மீன் வெட்டினாராம். வெட்டி, நிறுத்து, பொதி செய்து கொடுக்கிற வேலை.

"தராசு எதன் மேல் இருந்தது?"

"உருக்கு மேசை."

"நல்லது," என்றேன்.

சாதாரண நாட்களில் அவர் எண்பத்திரண்டு கிலோ. ஒவ்வொரு சண்டைக்கும் அதிலிருந்து எழுபதுக்கு இறங்கி, பிறகு திரும்ப ஏறியிருக்கிறார். இருபது வயதிலிருந்து இதுதான் வாழ்க்கை. "பட்டத்தோடு தந்த இடுப்புப்பட்டியை வீட்டில் சுவரில் மாட்டுவேன்," என்றார். "பிறகு ஒரு வருடம் தராசைப் பார்க்க மாட்டேன்." பசியிலிருக்கிறவர்களின் குரல் ஒரு மாதிரி மென்மையாகிவிடுகிறது. அடுத்த அறையிலிருந்து பேசுவது போல இருந்தது.

மெல்பேர்ணுக்கு ரமணனின் வான் வண்டியில் போனோம். நடுவழியில் ஹீற்றர் உச்சத்தில் இறுகிக்கொண்டு நிற்க மறுத்தது. வெளியே குளிர்காலம். உள்ளே நானும் மருமகனும் பெனியனோடு இருந்தோம். நிஷி மட்டும் கம்பளிக்குள் சுருண்டு, கோயில் சிலைக்கு அபிஷேகம் நடந்த மாதிரி நனைந்து, கண்மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் யன்னலை இறக்கினேன்.

"மாமா, திறக்காதேங்கோ. அவருக்கு வேர்க்கட்டும்."

"அவருக்கு வேர்க்கிறதுக்கு நான் ஏன் வேர்க்க வேணும்?"

"நீங்களும் எங்கட ரீமில ஒராள் எல்லோ!"

வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் எனக்கும் ரமணனுக்கும், மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' வாங்கினோம். அந்த நாட்டின் தேசிய உணவு என்றார்கள். எங்கள் பற்றிஸ் உத்தியோகம் உயர்ந்து உடம்பு வைத்த மாதிரி இருந்தது. வானுக்குள் ஏறியதும் நிஷி கண்ணைத் திறந்தார்.

"மாமா சான், மணக்கலாமா? மணம் மட்டும்."

அந்தப் 'பை'யைப் பிய்த்து அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் மூச்சை நீளமாக இழுத்தார். வெளியே மஞ்சள் புல்வெளிகள் போய்க்கொண்டே இருந்தன, ஆடுகள் அசையாமல் நின்றன. ஆவி அடங்கும்வரை அப்படியே பிடித்திருந்தேன். பிறகு அதைச் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை, ரமணன் சாப்பிட்டார்.

போட்டி நடத்துபவர்கள் நகரத்தில் ஹோட்டல் அறை கொடுத்திருந்தார்கள். அதில் ஷவர் மட்டும்தான். எடை குறைப்பவருக்குச் சுடுதண்ணீர்த் தொட்டி வேண்டும். கழுத்துவரை அமிழ்ந்து கிடந்து வியர்க்க வேண்டும். புறநகர் நோபல் பார்க்கில் ரமணனின் பவளம் அன்ரி வீட்டில் பெரிய தொட்டி இருந்தது. ஆகவே நிஷியின் பயிற்றுநர் ஹோட்டலில் தங்க, சம்பியன் நோபல் பார்க்குக்கு வந்து சேர்ந்தார். இதில் யாரும் எந்த ஆபத்தையும் காணவில்லை. நானும் காணவில்லை.

பவளம் அன்ரிக்கு ரமணன் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: சோறில்லை, மாவில்லை, எண்ணெயில்லை, சீனியில்லை. வியாழக்கிழமை பின்னேரம் தெளிந்த சூப் ஒரு சின்னக் கோப்பை மட்டும்.

"அப்ப அந்தப் பிள்ளை என்னத்தைத்தான் தின்னுறது?" என்று அன்ரி என்னைக் கேட்டார். "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. தாய் கண்டால் என்ன சொல்லுவா?"

அன்ரி சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பெண். சோறு வைக்கவில்லை, எண்ணெய் விடவில்லை. தெளிந்த சூப் என்றால் ரசம் என்று விளங்கிக்கொண்டு, மிளகும் புளியும் மல்லியும் தாராளமாக உப்பும் போட்டு இறக்கினார். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நிஷி கதிரையில் நிமிர்ந்திருந்து, கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். அவருடைய ஊரில் பரிமாறியதை மிச்சம் வைக்காமல் முடிப்பது மரியாதை. முடித்தார்.

எங்கள் ஊரில் விருந்தாளியின் பாத்திரம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவமரியாதை. அன்ரி நிரப்பினார்.

"வடிவாக் குடியுங்கோ தம்பி, வெறும் தண்ணி தானே."

அவர் முடித்தார். அன்ரி நிரப்பினார். மூன்றாவது கோப்பைக்கு ரமணன் குளியலறையிலிருந்து ஓடிவந்து, "அன்ரி, காணும்!" என்று கத்தும்போது அதுவும் முடிந்திருந்தது. இரண்டு நாகரிகங்கள் நேருக்கு நேர் மோதியதை நான் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தேன். இரண்டும் வென்றன.

பிறகு அவர் தொட்டியில் நெடுநேரம் கிடந்தார். கதவிடுக்கால் நீராவி விறாந்தைக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த படங்களின் கண்ணாடியை மூடியது. உள்ளே அவர் மெதுவாக எதையோ பாடிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை. ஹோட்டல் மண்டபம். என் கழுத்தில் 'அணி' என்று எழுதிய அட்டையை மாட்டிவிட்டு ரமணன், "மாமா, நீங்கள் அங்க ஒண்டும் கதைக்கக் கூடாது, சரியோ?" என்றார். ஓம் என்றேன். கால் புதையும் சிவப்புக் கம்பளம், அதில் பெரிய பெரிய பூக்கள். ஒரு பூவின் நடுவில் தராசு. நான் அதைப் பார்த்த மாத்திரத்தில் என் உள்ளங்கை அரித்தது.

எதிராளி ஏறினார், சரி. நிஷி ஏறினார். இரண்டு பேர் துவாயைத் திரையாகப் பிடிக்க, உள்ளாடையையும் கழற்றினார். மேற்பார்வை செய்த பெண் வாசித்தார்: எழுபது தசம் ஐந்து.

இருநூறு கிராம். ஒரு கோப்பை ரசம்.

ஒரு மணித்தியாலம் அவகாசம் தருவதாக அந்தப் பெண் சொன்னார். மேலே அறையில் ஷவரைச் சூடாகத் திறந்து வைப்பதாகச் சொல்லிப் பயிற்றுநர் ஓடினார். நான் கையை உயர்த்தினேன்.

"மாமா..." என்றார் ரமணன்.

"ஐயா, நீங்கள் யார்?" என்று கேட்டார் அந்தப் பெண். அட்டையைக் காட்டினேன்.

"தராசு கம்பளத்தின் மேல் இருக்கிறது. அந்த வாசிப்புச் செல்லாது."

"இரண்டு பேரும் அதே தராசில்தானே ஏறினார்கள்?"

"ஒரு பிழையை இரண்டு பேருக்கும் சமமாகச் செய்தால் அது திருத்தம் ஆகிவிடுமா?"

அவர் என்னை இன்னொருவரிடம் அனுப்பினார். இன்னொருவர் பொறுப்பானவரிடம் அனுப்பினார். பொறுப்பானவர் தொலைபேசியில் யாரையோ கேட்க வேண்டும் என்றார். எனக்கு இந்தப் பாதை புதிதல்ல. அதன் மறுமுனையில் இருந்து எத்தனையோ பேரை இப்படி நடக்க வைத்திருக்கிறேன். நின்ற இடத்தை விட்டு அசையாமல் நிற்பதுதான் அதற்கு மருந்து. நின்றேன். கடைசியில் அவர், பின்பக்கம் சாமான் இறக்கும் இடத்தில் சீமெந்துத் தரை உண்டு, தராசை அங்கே கொண்டுபோகலாம் என்றார். அவகாசம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. வெந்நீராவியில் கொஞ்ச நேரம், பிறகு சரியான தரை. பட்டம் வீட்டுக்குப் போகும் என்றே நினைத்தேன்.

நிஷியை அறையில் காணவில்லை. படிக்கட்டில் கண்டேன். உயரமான யன்னலால் வெயில் விழுந்த படியொன்றில் இருந்தார். பக்கத்தில் காலித் தண்ணீர்ப் போத்தல். மடியில், ஒரே சுருளாக உரித்த மண்டரின் தோடம்பழத் தோல்.

"மாமா சான், இருங்கள்," என்று ஒரு சுளையை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "தரை சரி செய்துவிட்டேன்," என்றேன்.

அவர் தலை வணங்கினார். "மேலே போகத்தான் ஏறினேன். வரவேற்பு மேசையில் பழக்கூடை இருந்தது. மணம் படியெல்லாம் வந்தது." இன்னொரு சுளையை வாயில் போட்டார். "எப்போதும் தராசுக்குப் பிறகுதான் சாப்பிட்டிருக்கிறேன். முன்னால் சாப்பிட்டால் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசை வந்தது."

"எப்படியிருந்தது?"

"இனிப்பு."

நான் பக்கத்தில் இருந்தேன். சுளையை வாங்கிக்கொண்டேன். பயிற்றுநர் வந்து, பார்த்து, கத்தினார். பிறகு கத்துவதை நிறுத்திச் சுவரில் சாய்ந்து நின்றார். நிஷி எழுந்து அவருக்கு முன்னால் குனிந்தார். நிமிரவேயில்லை. பயிற்றுநர்தான் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

விதிப்படி இரண்டாம் முறையும் ஏற வேண்டும். சீமெந்துத் தரையில், குமிழி மட்டம் பார்த்து நானே வைத்த தராசில் ஏறினார். எழுபத்தொன்று தசம் ஒன்று. என் வாழ்நாளில் பார்த்த மிக ஒழுங்கான வாசிப்புகளில் ஒன்று அது. பட்டத்தின் இடுப்புப்பட்டியை ஒரு கறுப்புத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். போகிற திசையை அவர் பார்க்கவில்லை. கைகளை மட்டும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை சண்டையை எதிராளி பட்டத்துக்காகவும் நிஷி ஒன்றுக்கும் இல்லாமலும் போட்டார்கள். அரங்கம் ஒரு பெரிய மிருகத்தின் வயிறு மாதிரி இரைந்தது. வெளிச்சத்தில் கூண்டு மிதந்தது. மூன்றாம் சுற்றில் நிஷி முதுகில் ஏறி, பிளாக்டவுனில் பார்த்த அதே தாலாட்டைத் தொடங்கினார். எதிராளி தட்டினார். அறிவிப்பாளர் வெற்றியாளர் என்று சொன்னார். சம்பியன் என்று சொல்லவில்லை. நிஷி நான்கு பக்கமும் வணங்கினார். ரமணன் அழுதார். எனக்குக் குளிரூட்டியால் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஞாயிறு மத்தியானம் நோபல் பார்க்கில் அன்ரி சோறும் இறால் கறியும் வைத்தார். நிஷி கையால் சாப்பிட்டார். முடிக்க முடிக்க அன்ரி நிரப்பினார்.

"ஏன் தம்பி கொஞ்சம் பாரம் கூடினது?" என்று அன்ரி கேட்டார். "ரமணன் ஒண்டும் சொல்லுறான் இல்லை."

"வயது," என்றார் நிஷி.

அன்ரி குசினிக்குப் போனதும் நான் கேட்டேன்: "உப்பு என்று உங்களுக்குத் தெரியவில்லையா?"

"முதல் வாயிலேயே தெரியும்."

"பிறகு ஏன் மூன்று கோப்பை?"

"அன்ரி பார்த்துக்கொண்டிருந்தார்." சோற்றைப் பிசைந்தார். "நல்லாகவும் இருந்தது. அவருக்குச் சொல்லாதீர்கள்."

சிட்னிக்குத் திரும்பியதும் விதிகளை வாசித்தேன். முதல் வாசிப்பு முறைகேடானது; அவகாசம் அந்த வாசிப்பிலிருந்து தொடங்கியது; ஆகவே மேன்முறையீட்டுக்கு இடமுண்டு. இரண்டு கிழமைக்குள், வீரரின் சம்மதத்தோடு. அதை நான் எழுதினால் தள்ளிவிட எவராலும் முடியாது. விமான நிலையத்தில், யப்பானுக்குப் புறப்பட்ட நிஷியிடம் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார். அவர் போன பிறகு ரமணனின் தொலைபேசியிலிருந்து ஒரு செய்தி அனுப்பினேன்: பட்டம் திரும்ப வேண்டுமா, ஒரு சொல் போதும். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. காலக்கெடு ஒரு மழை நாளில் முடிந்தது. வதனி, "விடுங்கோவன் அப்பா," என்றாள்.

நான் ஊருக்குத் திரும்பினேன். முடிந்துபோன விடயத்துக்கு இறுதி நினைவூட்டல் அனுப்புவது திணைக்கள மரபு, அனுப்பினேன். ஒரு சங்கதியை அதில் எழுதவில்லை: மெத்தென்ற தரையில் அந்த வகைத் தராசு பெரும்பாலும் குறைத்தே காட்டும். விதி விதிதான், அது யாருக்குச் சாதகம் என்பதைத் தராசு முடிவு செய்யட்டும் என்று விட்டிருந்தேன்.

பிறகு ஒரு காலை தொலைபேசியில் ஒரு படம் வந்தது. கோரைப் பாய் விரித்த யப்பானிய அறை. பாயின் மேல் வீட்டுத் தராசு. தராசில் இரண்டு வெறுங்கால்கள். இலக்கம் எண்பத்து நான்கு. பின்னால், கொஞ்சம் மங்கலாக, ஆணி மட்டும் அடித்த ஒரு சுவர். கீழே ஒரு வரி: "மாமா சான், தரை சரியில்லை. தெரியும்."

திணைக்கள முறைப்படி குறித்துக்கொண்டேன்: பதில் கிடைத்தது, தைப்பொங்கலுக்கு மறுநாள்.